உம் கொட்டிக் குளிப்பது

என் அப்பாவுக்கு வெந்நீரைக் கண்டால் ஆகாது. "வெந்நி பிள்ளை பெத்தவளுக்கும் காய்ச்சக்காரனுக்கும்தான்" என்பார். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தாமிரவருணி ஆறு நடந்து போகிற தூரம். பாபநாசத்தில் அணையைத் திறப்பதும் மூடுவதும் தன்னைக் கேட்டுத்தான் நடக்கிறது என்கிற தோரணையில், தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு விடிந்ததும் கிளம்பிவிடுவார். திரும்பி வரும்போது ஊரில் யார் யார் ஆற்றுக்கு வரவில்லை என்கிற கணக்கோடு வருவார். வராதவர்களெல்லாம் அவர் பார்வையில் குளிக்காதவர்கள்.

போன மார்கழியில் நெஞ்சில் சளி கட்டி, இருமி இருமித் தெருவையே எழுப்பினார். டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஆறு கூடாது, இனிமேல் பச்சைத் தண்ணீரே கூடாது என்று சொல்லிவிட்டார். டாக்டருக்குச் சொந்த ஊர் வள்ளியூர். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட அப்பா, வள்ளியூர்க்காரனுக்கு ஆற்றைப் பற்றி என்ன தெரியும், பார்த்திருந்தால்தானே என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

ஒரு வாரம் அம்மா அண்டாவில் வெந்நீர் போட்டு, வாளி வாளியாகக் குளியலறைக்குச் சுமந்தாள். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, இனி உன் அப்பாவைக் குளிப்பாட்டுவது உன் பொறுப்பு என்று என்னிடம் சொல்லிவிட்டாள். என் வீட்டுக்காரர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். நான் அம்பாசமுத்திரத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு அம்மா அப்பாவுடன் இருக்கிறேன். ஆகவே அந்த வீட்டில் எந்தப் பொறுப்பும் கடைசியில் என் தலையில்தான் விடியும். கரண்டு ஹீட்டர் வாங்கலாம் என்றால், தெருக்கோடி வீடான எங்களுக்கு வருகிற கரண்டில் மிக்சியே யோசித்து யோசித்துத்தான் சுற்றும். கேஸ் ஹீட்டர் வாங்கினேன். சிலிண்டரில் ஓடுவது. குழாயைத் திறந்தால் உள்ளே 'பக்' என்று தீப்பிடித்து, அடுத்த நிமிடம் வெந்நீர் கொட்டும்.

மாட்ட வந்தவர் குளியலறையைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். நாலு சுவர், ஒரு கதவு, மேலே ஒரு சின்ன ஜன்னல். ஹீட்டரை வெளிச்சுவரில் மாட்டிக் குழாயை மட்டும் உள்ளே விடுவதுதான் நல்லது என்றார். நானும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்பா கூரையைப் பார்த்தார். ஏனென்றால் அந்த வெளிச்சுவருக்கு அப்பால் இருப்பது என் சித்தப்பாவின் முற்றம்.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பழைய வீட்டைப் பாகம் பிரித்தபோது பின்பாதி அவருக்கு வந்தது. தானே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, கோழி வளர்த்துக்கொண்டு, தனியாக இருக்கிறார். பாகம் பிரித்ததில் எந்தச் சண்டையும் வரவில்லை. சண்டை வந்தது சொதியில்.

என் கல்யாணத்து மறுவீட்டு விருந்துக்குச் சொதி. தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டுச் செய்வது. எங்கள் பக்கத்தில் சொதி சரியில்லை என்றால் கல்யாணமே சரியில்லை என்று அர்த்தம். பால் பிழிந்ததிலிருந்து இறக்கியதுவரை அப்பாதான் அடுப்பங்கரையில் மேற்பார்வை. பந்தியில் உட்கார்ந்த சித்தப்பா ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு, சம்பந்தி வீட்டார் காதில் விழும்படி, "தாமிரவருணி இங்கன சொதியிலல்லா ஓடுது" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். பந்தி முழுக்கச் சிரித்தது, என் மாமியார் உட்பட. அன்றைக்கு அப்பா தம்பியோடு பேச்சை நிறுத்தினார்.

பேச்சு நின்றது என்றால் சத்தம் நின்றது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அதற்குத்தான் சாடைப் பேச்சு இருக்கிறது. சொல்ல வேண்டிய ஆளைப் பார்க்காமல், பக்கத்தில் இருக்கிற எதையாவது பார்த்துச் சொல்வது. சித்தப்பா தன் செவலைக் கோழியிடம் சொல்வார். அப்பா எங்கள் தண்ணீர் மோட்டாரிடம் சொல்வார். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது குரலை உயர்த்த வேண்டியிருந்தது. அது அவருக்கு வசதியாகவே இருந்தது. இத்தனை வருடத்தில் கோழிகள் மாறிவிட்டன, மோட்டாரையும் ஒரு தடவை மாற்றியாயிற்று. எந்தக் கோழி வந்தாலும் அதற்குச் செவலை என்றே பெயர், பழைய வழக்குகள் எல்லாமும் அதற்கு அத்துப்படி.

எனவே வெளிச்சுவர் பேச்சுக்கே இடமில்லை. ஹீட்டரை உள்ளேயே மாட்டச் சொன்னார் அப்பா. மாட்ட வந்தவர் அரைமனதாகச் சம்மதித்து, எங்களை வரிசையாக நிற்கவைத்துப் பாடம் சொன்னார். எரிகிற இடத்தில் காற்றுப் போக்குவரத்து வேண்டும், ஜன்னலை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. ஹீட்டரை ஓடவிட்டுக்கொண்டே குளிப்பதைவிட, வாளியில் பிடித்துக்கொண்டு நிறுத்திவிட்டுக் குளிப்பது நல்லது. தலை சுற்றினால் உடனே வெளியே வந்துவிட வேண்டும். குளித்து முடித்ததும் சிலிண்டரை மூட வேண்டும்.

"கேஸ் உள்ளேயே தங்கிட்டுன்னா ஆளையே கொன்னுரும் அண்ணாச்சி. வெளிய போக வழி இருக்கணும்."

அப்பா அவரைப் பரிவோடு பார்த்தார். "அது எனக்குத் தெரியாதா வே? எனக்கு அந்த வியாதி ரொம்ப நாளா இருக்குல்லா. உருளைக்கிழங்கையே விட்டுட்டேன்."

மாட்ட வந்தவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நல்ல மனிதர், சுவர்ப் பக்கம் திரும்பி ஸ்குரூவை முறுக்குவதுபோல் சிரித்து முடித்துவிட்டு, மறுபடி விளக்கினார். சிலிண்டர் கசிந்தால் நாற்றம் வந்து காட்டிக்கொடுத்துவிடும், ஆனால் காற்றில்லாமல் எரிந்தால் வருகிற விஷத்துக்கு மணமே கிடையாது, மூக்கை நம்பக் கூடாது என்றார். அப்பா மூக்கைத் தடவிக்கொண்டார். மணமில்லாத கேஸ் என்று ஒன்று உண்டு என்பதை அவர் அனுபவம் ஒப்புக்கொள்ளவில்லை.

எனக்கு அதை அப்படி விட முடியவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்தால் கண்ணுக்கு முன்னால் அந்தச் சின்ன ஜன்னல்தான் வந்தது. அப்பா உள்ளே மயங்கி விழுந்தால் யாருக்குத் தெரியும்? அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். அவர் குளிக்கிற நேரம் முழுக்க அடுப்பங்கரையிலிருந்து ஏதாவது கதை சொல்வாள், அவர் உம் கொட்ட வேண்டும். உம் நின்றால் ஆபத்து என்று அர்த்தம். கதை கேட்கிறவர் 'ம்' போடுவதுதானே நம் ஊர் வழக்கம். போடாவிட்டால் தூங்கிவிட்டார் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அம்மா சொன்ன எதையும் அப்பா காதில் வாங்கியதில்லை. இப்போது உயிர் பிழைக்க வேண்டுமென்றால் கேட்டே ஆக வேண்டும். அம்மாவுக்கு வந்த வாழ்வைப் பார்க்க வேண்டுமே! முதல்நாளே கதையைச் சேமித்து வைத்துக்கொள்வாள். யார் வீட்டு வளைகாப்பில் யார் முகத்தைத் திருப்பினார்கள், எந்தக் கடையில் பருப்பில் கல் கிடக்கிறது, தன் அக்கா தன்னிடம் எப்போது என்ன சொன்னாள், எல்லாம் வரும். உள்ளிருந்து "ம்... ம்..." என்று வந்துகொண்டே இருக்கும். "இப்பதான்டி எனக்குக் கல்யாணம் ஆன மாதிரி இருக்கு" என்றாள் என்னிடம்.

அப்பாவும் மாறிப்போனார். வெந்நீர் அவரைப் பிடித்துக்கொண்டது. பிள்ளை பெற்றவளுக்கு என்ற பேச்சே போயிற்று. வாளியில் பிடித்துக் குளியுங்கள் என்று நான் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். தண்ணீர் என்றால் ஆறு மாதிரி மேலே ஓட வேண்டும், வாளியில் கிடப்பதெல்லாம் தண்ணீரா என்றார். ஜன்னல் திறந்திருக்கிறது, உம் வருகிறது, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தத் திறந்த ஜன்னல் வழியே கதையும் உம்மும் சித்தப்பா முற்றத்துக்கும் போய்க்கொண்டிருந்தன. அவரும் தினமும் அதே நேரத்துக்குக் கோழிக்குத் தீனி போட ஆரம்பித்தார். கொஞ்ச நாள் அடக்கமாகத்தான் இருந்தார். ஒருநாள் அம்மா, முந்தின நாள் போய்வந்த ஒரு கல்யாணத்தைப் பற்றிச் சொன்னாள். சொதி கெட்டியாக, வழித்துச் சாப்பிடுகிற மாதிரி இருந்தது, அப்படியொரு சொதி நம் வீட்டில் வாய்க்கவே இல்லையே என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். அப்பாவும் யோசிக்காமல் "ம்" போட்டுவிட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் சித்தப்பா கோழியிடம் சொன்னார். "கேட்டியாட்டி செவலை? அவியளே ஒத்துக்கிட்டாவ."

அன்றைக்கு அப்பா பாதிக் குளியலில் ஈரத்தோடு வெளியே வந்து மோட்டாரைத் திட்டிய திட்டில், அது வெறும் இரும்பாக இருந்ததால் பிழைத்தது. அம்மாவோடு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் குளிக்கும்போது உம் மட்டும் கொட்டினார், அது சட்டம்.

அதற்குப் பிறகு அவர் செய்த வேலை அப்போது எங்களுக்குத் தெரியாது. குளிக்கப் போகும்போது துண்டுக்குள் ஒரு சாக்கைச் சுருட்டி மறைத்துக்கொண்டு போயிருக்கிறார். கதவைத் தாழிட்டதும் முக்காலியில் ஏறி ஜன்னலில் அதைத் திணித்து அடைத்திருக்கிறார். தம்பி காதில் எதுவும் விழக் கூடாதாம். குளித்து முடித்ததும் உருவி, சுருட்டி, துண்டுக்குள் வைத்து எடுத்து வந்திருக்கிறார். நாங்கள் உள்ளே போய்ப் பார்க்கும்போது ஜன்னல் யோக்கியமாகத் திறந்திருக்கும்.

அடைத்திருப்பதைப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் வெளியே நின்ற சித்தப்பாதான். பார்த்தார். பயந்தும் போனார். ஹீட்டர் மாட்ட வந்தவர் சொன்ன பாடத்தை அவரும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு சொல் விடாமல் கேட்டிருந்தார். உடனே எச்சரிக்க வேண்டும் என்று நினைத்தார். எச்சரித்தார். யாரிடம்? கோழியிடம்.

"ஏட்டி செவலை, கூட்டை அடைச்சிக்கிட்டு உள்ள கிடக்காத. மூச்சு முட்டிச் செத்துப் போவ. தொறந்து போடு, சொன்னாக் கேளு."

இதை அவர் நாள் தவறாமல் சொன்னார். நானே என் காதால் கேட்டேன். சித்தப்பாவுக்குத் தனிமையில் புத்தி பேதலித்துவிட்டது, கோழிக்குச் சுகாதாரம் போதிக்கிறார் என்று சிரித்தேன். அப்பா வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். என்னை அடைகாக்கிற கோழி என்கிறான், செத்துப் போவேன் என்று சாபம் விடுகிறான் என்று கொதித்து, சாக்குக்கு மேலே ஒரு பழைய வேட்டியையும் சேர்த்துத் திணித்தார். சித்தப்பா இன்னும் பதறி, இன்னும் சத்தமாகக் கோழிக்குச் சொன்னார். இப்படி அக்கறை ஏற ஏற அடைப்பும் ஏறியது.

வாரநாளில் அவசரக் குளியலாக இருந்ததால் தப்பித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். உச்சி முதல் உள்ளங்கால்வரை நல்லெண்ணெய் தேய்த்து, வெயிலில் காய்ந்து, சீயக்காய்க் கிண்ணத்தோடு உள்ளே போனார். எண்ணெய் போக வேண்டுமென்றால் வெந்நீர் வெகுநேரம் ஓட வேண்டும். நான் வாசலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா தன் அக்காவின் கதையை முதலிலிருந்து எடுத்தாள். "ம்" வந்தது. அப்புறம் "ம்ம்ம்" என்று இழுத்து வந்தது. அப்புறம் வரவில்லை.

"கேக்கியளா?" என்றாள் அம்மா. பதில் இல்லை. சொதிக் கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது என்று அவள் முணுமுணுத்தது எனக்கும் கேட்டது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பின்பக்கத்திலிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது. "ஏட்டி செவலை, உம் கொட்டு." கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "செவலை, உம் கொட்டுட்டி." கோழி எங்கேயாவது உம் கொட்டுமா என்று நான் சிரிக்க வாயெடுத்தேன். அப்போது அவர் "அண்ணே" என்றார்.

என் கல்யாணத்துக்குப் பிறகு அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. போனை எங்கே போட்டேன் என்று தெரியாது. பின்னால் ஓடி, கதவுக்கு வெளியே இருந்த சிலிண்டரை முறுக்கி மூடினேன். கதவில் மோதினேன். பிளாஸ்டிக் கதவு, அப்பளம் மாதிரி நொறுங்கிக்கொண்டு உள்ளே விழுந்தது. அப்பா முக்காலியில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தார். தலை முழுக்கச் சீயக்காய், கண் மூடியிருந்தது. மேலே ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே சித்தப்பாவின் கை சாக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. கோழி மூடுகிற கூடையைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றிருக்கிறார்.

சாக்கு பிய்ந்து வந்தது. வேட்டியும் வந்தது. அந்த ஓட்டையில் அவர் முகம் தெரிந்தது, அழுதுகொண்டிருந்தது.

"அண்ணே. உம் கொட்டுண்ணே."

அப்பாவின் உதடு அசைந்தது. "ம்" என்றார். அந்த 'ம்'முக்காக எந்தச் சாமிக்கு வேண்டுமானாலும் மொட்டை போட்டிருப்பேன்.

நானும் அம்மாவும் அவரை இழுத்துக்கொண்டு வெளியே காற்றுக்கு வந்தபோது, சித்தப்பா சுற்றுச்சுவரில் ஏறி, வேட்டியில் பாதியைச் சுவருக்குக் கொடுத்துவிட்டு இந்தப் பக்கம் குதித்தார். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். வள்ளியூர் டாக்டர், இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என்று தொடங்கி, அம்மாவின் முகத்தைப் பார்த்து முடிக்காமல் விட்டார். அப்பாவுக்குத் தலைவலி தீர்ந்து, பேச்சு வந்ததும், அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்ட முதல் பேச்சு சண்டையாகத்தான் இருந்தது.

"ஜன்னலைத் தொற தொறன்னு நான் தினமும் சொன்னேம்லா?"

"நீ கோழிட்டல்லா லே சொன்ன?"

நியாயமான கேள்விதானே. பக்கத்துக் கட்டிலில் ட்ரிப்ஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தவர்கூட, கோழியிடம் சொன்னது தப்புதான் என்று தலையாட்டினார்.

மறுவாரம், மாட்டியவரையே திரும்ப வரச்சொன்னேன். அவர் நொறுங்கிய கதவைப் பார்த்தார், பிய்ந்த சாக்கைப் பார்த்தார், நேரே வெளிச்சுவரில் ஏணியைச் சாய்த்தார். ஹீட்டர் இப்போது வெளிச்சுவரில், சித்தப்பா முற்றத்தில், கோழிக்கூட்டுக்குத் தள்ளி, நல்ல காற்றில் தொங்குகிறது. சிலிண்டரும் அங்கேதான். திறப்பதும் மூடுவதும் சித்தப்பா வேலை. அப்பா குளிக்கப் போகும்போது தம்பியைக் கூப்பிட வேண்டும், அவர் திறப்பார். கதை சொல்கிற அவசியம் போய்விட்டது. ஆனாலும் அம்மா நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் உம் கொட்டுவதை நிறுத்தட்டும் பார்க்கலாம் என்றாள்.

சண்டை தீர்ந்துவிட்டது என்று நான் எழுதினால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். போன சனிக்கிழமைக்கு முந்தின நாள், சித்தப்பா சாப்பிட வந்த இடத்தில் மறுபடி சொதியைப் பற்றி வாய் கொடுத்தார். அப்பா இலையை மூடிவிட்டு எழுந்தார். மறுநாள் காலை உடம்பெல்லாம் எண்ணெயோடு குளியலறைக்குள் போய் நின்றுகொண்டு, "ஏ மோட்டாரு, வெந்நி போடச் சொல்லு" என்றார்.

ஜன்னலுக்கு அப்பாலிருந்து பதில் வந்தது. "ஏட்டி செவலை, யாருக்கோ வெந்நி வேணுமாம். தொறந்து விடு."

கோழிக்குக் கேஸ் திறக்கத் தெரியாது. அப்பா குழாயைத் திருகிப் பார்த்தார், பச்சைத் தண்ணீர் வந்தது, ஓடட்டும் என்று விட்டார். எண்ணெய் கண்ணில் இறங்கியிருக்க வேண்டும், உள்ளே ஒரு பெருமூச்சு கேட்டது. நானும் அம்மாவும் அடுப்பங்கரையில் கரண்டியை அசைக்காமல் நின்றோம்.

"தம்பி" என்றார் அப்பா.

"ம்" என்றார் சித்தப்பா. 'பக்' என்று தீப்பிடிக்கிற சத்தம் கேட்டது.